பெயர் மாற்றப்பட்டுள்ளது

ருசே,
14 செப்டம்பர் 2017

அன்புள்ள நெவேனா அக்காவுக்கு,

தம்பி யாசென் எழுதுகிறேன். இங்கே நான் நலம், கழுத்து வலி மட்டும் வழக்கம்போல. உனக்கும் நீ வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் எர்சிலியா கிழவிக்கும் உடம்பு எப்படி? இத்தாலியில் இன்னும் வெயில் அடிக்கிறதா?

போன ஞாயிறு போனில் நீ "ஆமாம், ஆமாம்" என்று எட்டு முறை சொன்னாய். அதில் ஐந்து முறை நான் கேள்வி கேட்டிருந்தேன். என் பேச்சு புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். முக்கியமான சங்கதி என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். இடது கைச் சுட்டுவிரலின் கணுவால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாலும் நான் எழுதினால் எவருக்கும் புரியும். செய்தித்தளத்துக்குப் பிழை திருத்திச் சாப்பிடுகிறவன் ஆயிற்றே.

சங்கதி இதுதான். ஊனமுள்ள இளைஞர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு மானியம் தருகிற அறக்கட்டளை ஒன்று தலைநகர் சோபியாவில் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் எங்களைப் போன்ற ஒருவரும் உட்கார வேண்டும் என்று இந்த வருடம் புதிதாக விதி போட்டிருக்கிறார்கள். நம் வட்டாரத்துக் குழுவுக்கு நான் மனுப் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள்!

எதிர்வீட்டு ஸ்பிரிதோன் மாமாவுக்குத்தான் முதலில் சொன்னேன். "டேய், உனக்கு என்ன குடுக்கலாம்னு இத்தன வருஷமா அவனுங்க உக்காந்து பேசுனானுங்க. இனிமே நீ உக்காந்து பேசு. நல்லா இழுத்து இழுத்துப் பேசு. கேக்குறவன் காத்துக் கெடக்கட்டும்" என்றார். படகில் முப்பது வருடம் கத்திய தொண்டை. நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த மாதம் விண்ணப்பங்கள் வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
யாசென்


பெருஜியா,
30 செப்டம்பர் 2017

என் செல்லத் தம்பி யாசெனுக்கு,

அக்காவின் முத்தங்கள். நான் சுகம். கிழவிக்கு மூன்று நாளாய்ச் சளி, இப்போது தேவலை. உன் கழுத்துக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி ஸ்பிரிதோன் மாமாவிடம் கேள். வெட்கப்படாதே.

உன் கடிதத்தைக் கிழவிக்கு இத்தாலிய மொழியில் சொல்லிக் காட்டினேன். "உன் தம்பி நீதிபதியாகிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மா இருந்திருந்தால் நம் அடுக்குமாடி முழுக்கக் கதவைத் தட்டிச் சொல்லியிருப்பாள்.

அங்கே இப்போது பால்கனிக்குப் பால்கனி குடைமிளகாய் சுடுகிற வாசனை இருக்குமே! இங்கே அப்படி ஒன்றும் இல்லை. கடையில் புட்டியில் விற்கிறார்கள். வாயில் வைக்க விளங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். எந்தெந்த அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன என்று முன்னாலேயே சொல்வார்களா? ருசேயில் பழைய அமைப்புகளும் போடுமா? சும்மாதான் கேட்கிறேன்.

குளிருக்கு முன் ஜன்னல் இடுக்கை அடைக்கச் சொல்.

உன் அக்கா,
நெவேனா


ருசே,
20 அக்டோபர் 2017

அக்காவுக்கு,

யாசென். உடம்பு நலம். மனது நலமில்லை. கிழவியின் சளி போயிற்றா?

விண்ணப்பங்கள் வந்துவிட்டன, மொத்தம் பதினான்கு. ஒன்பதாவதைத் திறந்தேன். "உள்ளங்கை" அமைப்பு. தலைவி அதே கலபினா ஸ்தோயேவா. முதல் பக்கத்தில் ஒரு படம். பதினோரு வயதுப் பையன், மடங்கிய கைகள், கோணிய வாய், பச்சைக் கம்பளிச் சட்டை. அந்தச் சட்டையை அம்மா பின்னினாள். அந்த வாய் என்னுடையது.

கீழே எழுதியிருக்கிறது: "லாச்சோ. இந்தச் சிறுவனுக்காகவே உள்ளங்கை தொடங்கப்பட்டது. (அந்தரங்கம் கருதிப் பெயர் மாற்றப்பட்டுள்ளது.)" பெயரை மாற்றிவிட்டார்களாம். முகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பதின்மூன்று வருடமாக இந்தப் படத்தைக் காட்டித்தான் மானியம் வாங்குகிறாள். இணையத்தில் தேடினேன். அவர்களுடைய எல்லா ஆண்டறிக்கையிலும் நான் இருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் அட்டையில்கூட இருக்கிறேன், தலைக்கு மேல் நட்சத்திரம் வைத்து.

உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் அடங்கும். என்னை அவர்கள் மையத்துக்குக் கூட்டிப்போக அவர்கள் வண்டி இரண்டு வருடம் வந்தது. நீ இத்தாலி போன மறு வருடம், எனக்குப் பதினான்கு ஆனதும் நின்றது. படியேறும் நாற்காலி ஒன்று வருகிறது, வருகிறது என்றார்கள், வரவே இல்லை. அம்மா கேட்கப் போனபோதெல்லாம் கலபினா அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். லிப்ட் இல்லாத நான்காம் மாடியிலிருந்து என்னை முதுகில் சுமந்து இறக்கி, சுமந்து ஏற்றி, ஐம்பத்தாறு வயதில் அம்மா செத்தாள். மருத்துவர் இதயம் என்றார். நான் முதுகு என்பேன்.

விண்ணப்பத்தோடு எங்களுக்கு ஏதாவது தொடர்பு இருந்தால் குழுவிடம் சொல்லி விலக வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். "தொடர்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விண்ணப்பதாரர்களுக்கு எங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இப்போது தாடி இருக்கிறது. ஜனவரியில் அவள் என் எதிரில் வந்து உட்காருவாள்.

அவளை விடப்போவதில்லை அக்கா.

யாசென்


பெருஜியா,
2 நவம்பர் 2017

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலம். கிழவியும் நலம். நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். கண்ணே, நான் சொல்வதைக் கேள். அந்தத் தாளைத் திரும்ப வாங்கி உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடு. பின்னால் தெரிந்தால் உன்னைத்தான் பொய்யன் என்பார்கள். அந்த அம்மாளுக்கும் வயதாகிவிட்டது. பழையதைக் கிளறி என்ன கிடைக்கப்போகிறது? இப்போதும் முப்பது பிள்ளைகள் அவர்கள் வண்டியில்தானே போகிறார்கள்?

அந்த விண்ணப்பத்தை முழுவதும் படிக்காதே. படித்தால் உன் உடம்புதான் கெடும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

நெவேனா


ருசே,
19 நவம்பர் 2017

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன்.

படிக்காதே என்றாய். படித்துவிட்டேன், நான்கு முறை. அடுத்தவன் வாக்கியத்தைத் தோண்டுவதுதானே என் பிழைப்பு! முழுக்க அலுவலக மொழி. "பயனாளிகள்", "இலக்குகள்", "உள்ளடக்கிய அணுகுமுறை". நடுவில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் உயிரோடு இருக்கிறது: "தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் அவன் விரல்கள் தாமாகத் திறந்துகொள்கின்றன, அப்போது அவன் பாடுகிறான்."

கலபினா என்னைக் குளிப்பாட்டியதில்லை. இது தெரிந்தவர்கள் நம் வீட்டு ஆட்கள் மட்டும்தான். அப்படியானால் அம்மாதான் சொல்லியிருக்கிறாள். ஒரு கோப்பைக் காபிக்கு என் குளியலறையை விற்றிருக்கிறாள். நான் பாடியதை விற்றிருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை.

இந்த மாதம் செத்தவர்களை நினைக்கும் ஆத்மாக்கள் சனிக்கிழமை வந்தது. கல்லறைக்குக் கொண்டுபோகக் கோதுமை வேக வைக்கட்டுமா என்று ஸ்பிரிதோன் மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். மெழுகுவத்தியும் வேண்டாம் என்றேன். "பெத்தவடா" என்றார். "தெரியும்" என்றேன்.

உனக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது. அம்மா அந்த அலுவலகத்தில் என்ன பேசினாள், எதற்கு ஒப்புக்கொண்டாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

யாசென்


ருசே,
28 டிசம்பர் 2017

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. புத்தாண்டுக்கும் சேர்த்து. எட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் "கிழவி கூப்பிடுறா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் அதையாவது எழுது.

ஸ்பிரிதோன் மாமா கிறிஸ்துமஸ் முறைப்படி ஒன்பது பதார்த்தம் செய்து எடுத்துவந்தார். பண்டிகை ரொட்டியில் அம்மா பெயருக்கும் ஒரு துண்டு பிய்த்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

ஜனவரி 16ஆம் தேதி விசாரணை. ஒவ்வோர் அமைப்பின் தலைவரும் பதினைந்து நிமிடம் பேச வேண்டும், நாங்கள் கேள்வி கேட்போம். தினமும் காலையில் மாமாவின் முன்னால் உட்கார்ந்து ஒரே கேள்வியைச் சொல்லிப் பழகுகிறேன்: "லாச்சோ இப்போது எங்கே இருக்கிறான்?" அவருக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும், அவருக்கு ஒரு காது மந்தம். அவள் என்ன பொய் சொன்னாலும் அதன் மேல் ஏறி உட்காருவேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தால் குளிர்கூடத் தெரியவில்லை.

எழுது.

யாசென்


ருசே,
18 ஜனவரி 2018

நெவேனாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்கான மானியத்தை முடிவு செய்யும் கூட்டத்தை நூலகத்தின் இரண்டாம் மாடியில் வைத்திருந்தார்கள். லிப்ட் பழுது. ஸ்பிரிதோன் மாமாவும் காவலாளியும் என்னை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். குழுத்தலைவி பிஸ்த்ரா அம்மையார் பத்து முறை மன்னிப்புக் கேட்டார். மாமா கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு மணிக்குக் கலபினா வந்தாள். நரை, முத்துமாலை, அதே வாசனைத் திரவியம். எல்லோருக்கும் கை கொடுத்தாள். என்னிடம் வந்ததும் கை கொடுக்காமல் என் தோளைத் தட்டி, "உங்கள மாதிரி பிள்ளைங்களும் இங்க உக்காந்திருக்கிறதப் பாக்க எவ்ளோ சந்தோஷமா இருக்கு!" என்றாள். அடையாளம் தெரியவில்லை. பதின்மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிற முகம்!

படத்தைத் திரையில் போட்டாள். பேசினாள். என் முறை வந்தது. கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். பிஸ்த்ரா அம்மையாருக்குப் புரிந்துவிட்டது: "லாச்சோ இப்ப எங்க இருக்காருன்னு கேக்குறாரு."

கலபினா கண்ணாடியைக் கழற்றினாள். கைக்குட்டை எடுத்தாள். "அதச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். லாச்சோ இப்ப நம்மகூட இல்ல. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல, தூக்கத்துலயே போயிட்டான். அவங்கம்மா என் மடியில விழுந்து அழுதாங்க. அன்னைக்கே நான் ஒரு சபதம் எடுத்தேன்..."

அக்கா, நான் எத்தனையோ பொய்க்குத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. என் வாய் இழுத்துக்கொண்டது. எச்சில் வழிந்தது. எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள், லாச்சோவுக்காக நான் அழுகிறேன் என்று. ஒரு நிமிடம் ஆனது எனக்கு.

"பதினஞ்சுல செத்தது எங்கம்மா. லாச்சோ நான்தான். நான் எப்ப செத்தேன் மேடம்?"

அவளுக்கு இந்த முறை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மாமா கதவோரத்திலிருந்து எழுந்து, "நானும் அந்தச் சாவு வீட்டுக்கு வந்திருந்தேம்மா. நல்லா சாப்பாடு போட்டாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு குழைந்தது. "யாசெனா? என் கண்ணே, எவ்ளோ வளந்துட்ட!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். மூன்று மாதமாக நினைத்து நினைத்துச் சுவைத்த முகம் அதுதான். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

"நாற்காலி எங்கே?" என்றேன்.

அப்போதுதான் அவள் மாறினாள். கைக்குட்டையை மடித்து வைத்தாள். "என்னக் கேக்குறியா? உங்க அக்காவக் கேட்டியா? உன்னப் பத்தி இதுல இருக்குற ஒவ்வொரு வரியும் அவ எழுதுனது. எங்கிட்ட வேல பாத்தவதான. நாற்காலி வீடு வந்து சேந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டதும் அவதான். ரசீது இருக்கு. உங்க வீட்டுல வாங்கி என்ன பண்ணீங்களோ, எனக்கெப்படித் தெரியும்?"

உன்னை அங்கே வேலைக்குச் சேர்த்தது எனக்குத் தெரியும். தரை துடைக்க, போன் எடுக்க என்றாய்.

இது உண்மையா?

யாசென்


பெருஜியா,
3 பிப்ரவரி 2018

யாசெனுக்கு,

உண்மை.

உன் நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று மாதம் தரைதான் துடைத்தேன். பிறகு நான் நன்றாக எழுதுவேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஒங்க வீட்டுலயே இருக்குற கததானே. படிக்கிறவன் அழணும், அப்படி எழுது. பொய்யா எழுதச் சொல்றேன்? உள்ளததான்" என்றாள். எழுதினேன். எழுதும்போது அழுதேன். மானியம் கிடைத்தது. அதில் அந்த வண்டி வந்தது, அதில் உன்னை ஏற்றி அனுப்பினோம். எனக்குப் பெருமையாக இருந்தது யாசென், மறைக்க மாட்டேன். உன் பெயரை மாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். அது ஒன்றுதான் உனக்காகச் செய்தது.

2006 வசந்தத்தில் நாற்காலி வந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலுவலகத்தில் நின்றது. நான் தொட்டுப் பார்த்தேன். அடியில் பல் வைத்த ரப்பர் பட்டை. கலபினா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "ஒங்க மாடிப்படி குறுகல், இது அதுல திரும்பாது. இத வேற எடத்துக்குக் குடுப்போம், ஒங்களுக்கு அடுத்த வருஷம் வேற வாங்கிக்கலாம். இப்போதைக்கு வந்துச்சுன்னு ஒரு கையெழுத்து" என்றாள். அதே மேசையில் இன்னொரு காகிதம் வைத்தாள். பெருஜியாவில் ஒரு வீட்டு முகவரி, எனக்கு வேலை கொடுக்கச் சொல்லி அவள் எழுதிய சிபாரிசு. ஒன்றுக்கு ஒன்று என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

நம் மாடிப்படி குறுகல் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தினமும் ஏறியவள். அப்பா விட்டுப் போய் இரண்டு வருடம். வீடு, நீ, அம்மாவின் இருமல், அந்தப் படிகள். இருபத்தொரு வயது. எங்காவது ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் நாற்காலியை வேனில் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அம்மா ஒன்பது வருடம் உன்னைச் சுமந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, எதையும் விற்கவில்லை. இதை நான் நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். நீ கோதுமை வேக வைக்க வேண்டாம் என்று சொன்னதைப் படித்த பிறகும் எழுதவில்லை.

மன்னிப்பு கேட்க மாட்டேன். கேட்டால் உனக்கு இன்னொரு சுமை.

நெவேனா


ருசே,
27 பிப்ரவரி 2018

நெவேனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதை அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டேன். நகல் அல்ல, நீ எழுதிய அந்தத் தாள்களையே.

காரணம் சொல்கிறேன். அவர்கள் கேட்டார்கள். "நாற்காலி கொடுக்கப்பட்டது, குடும்பம் அதை விற்றிருக்கலாம்" என்று கலபினா எழுத்தில் கொடுத்துவிட்டாள். குடும்பம் என்றால் யார்? நீ அயல்நாட்டில், நான் பன்னிரண்டு வயதுப் பையன். அம்மாதான். அம்மாவை ஏற்கெனவே ஒருவன் மூன்று மாதம் திட்டித் தீர்த்துவிட்டான். மெழுகுவத்திகூட ஏற்றவில்லை. நீ அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கலபினா என்னைக் கொன்றது எனக்குச் சிரிப்பாகிவிட்டது. நீ செய்தது ஆகவில்லை.

ஆனால் அம்மா பெயரைக் காப்பாற்ற மட்டும் அனுப்பினேன் என்று நினைக்காதே. உன் பெயர் அந்த அறிக்கையில் வர வேண்டும் என்றும் விரும்பினேன். மாற்றாமல்.

என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். தொடர்பு இல்லை என்று பொய்க் கையெழுத்துப் போட்டேன் அல்லவா, அது நியாயம்தான். நம் வீட்டில் எல்லோருமே பொய்க் கையெழுத்தில் தேர்ந்தவர்கள்.

இன்னொன்றும் நடந்தது. விசாரணை முடியும்வரை உள்ளங்கைக்குப் பணம் நிறுத்தம். வண்டி நின்றுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை தெமெனுகா என்று ஒரு அம்மா நான்கு மாடி ஏறி வந்தாள். மகள் ஈவாவுக்கு என்னைப் போலத்தான், பதினேழு வயது. கதவைத் திறந்ததும் ஆரம்பித்தாள். "ஒனக்கு அந்தப் பொம்பள மேல கோவம், சரி. எம்பொண்ணு என்னடா பண்ணா? ரெண்டு வாரமா சன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. வண்டி எப்ப வரும், வண்டி எப்ப வரும்னு கேக்குறா. நீ வந்து பதில் சொல்லு."

 "நானும் பத்து வருஷம் அந்தச் சன்னல்லதான் உக்காந்திருந்தேன்" என்றேன். "அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றே பிஸ்த்ரா அம்மையாருக்கு எழுதினேன்: கலபினாவை வெளியே தள்ளுங்கள், வண்டியைத் தள்ளாதீர்கள். பதில் இல்லை.

உன் நலத்தைக் கேட்க இன்னும் எனக்கு வரவில்லை.

யாசென்


பெருஜியா,
25 ஏப்ரல் 2018

அன்புள்ள யாசெனுக்கு,

ஈஸ்டர் போய்விட்டது, ஆனாலும் வாழ்த்து. நான் நலம். நீ நலமாயிருக்க வேண்டும்.

நீ அனுப்பியது சரிதான். அறக்கட்டளையிலிருந்து எனக்கு எழுதினார்கள், நேரில் வந்து சொல்ல முடியுமா என்று. கிழவியின் மகளிடம் நான்கு நாள் விடுப்புக் கேட்டு ஏப்ரல் 16ஆம் தேதி ருசே வந்தேன். காலையில் பிஸ்த்ரா அம்மையார் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கலபினா பக்கத்து அறையில் இருந்தாள். வெளியே வரும்போது எதிர்ப்பட்டாள். "ஒனக்கு வாழ்க்கை குடுத்தவ நான்டி" என்றாள். "ஆமா, எந்தம்பியோடத எடுத்துக் குடுத்த" என்றேன். பன்னிரண்டு வருடம் தாமதமாக.

அம்மாவின் கல்லறைக்குப் போய் வந்தேன். புல் வெட்டியிருந்தது, மெழுகுவத்தி எரிந்த தடம் இருந்தது. நீதான் மாமாவை அனுப்பியிருப்பாய்.

சாயங்காலமே சோபியாவுக்குப் பஸ் இருந்தது. அதனால் வீட்டுப் பக்கம் வர நேரம் கிடைக்கவில்லை.

நெவேனா


ருசே,
11 மே 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அறக்கட்டளையின் முடிவு வந்துவிட்டது. கலபினா விலக்கப்பட்டாள். இனி எந்த மானியத்துக்கும் அவள் கையெழுத்து செல்லாது. நாற்காலி விவகாரம் வழக்குக்குப் போகிறது. உள்ளங்கையை அங்கே வேலை செய்த இளம் இயன்முறை மருத்துவர் ஒருவர் கையில் கொடுத்து ஒரு வருடத்துக்கு மட்டும் பணம் விட்டிருக்கிறார்கள். போன திங்கள் முதல் வண்டி ஓடுகிறது. ஈவா முதல் ஆளாக ஏறினாளாம். தெமெனுகா நன்றி சொல்லவில்லை, கதவில் ஒரு பாத்திரம் தயிர் மாட்டிவிட்டுப் போனாள். என் படம் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் தேடினேன், நான் எங்கும் இல்லை.

கல்லறைக்கு மாமாவை அனுப்பவில்லை. நானே போனேன். மாமாவும் அவர் நண்பர்களும் தூக்கிப்போனார்கள். அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினேன். அவளுக்கு என் பேச்சு எப்போதும் புரியும்.

இனி நீ எழுதாததை எழுதுகிறேன்.

ஏப்ரல் 16ஆம் தேதி மதியம் இரண்டே காலுக்கு நம் கட்டடத்துக்கு எதிரில், நீலக் கார் பக்கத்தில், சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு நீ நின்றாய். கையில் பை. மேலே பார்க்கவில்லை. வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நான் ஜன்னலில் இருந்தேன்.

ஸ்பிரிதோன் மாமா அப்போது என்னோடு இருந்தார். "டேய், அது நம்ம நெவேனா மாதிரி இல்ல? கூப்புடட்டுமா?" என்றார். "வேண்டாம்" என்றேன். "கீழ போயிட்டு வரட்டுமா?" "வேண்டாம் மாமா." அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். என் குரல் உனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. நிற்கட்டும் என்று இருந்தேன். நீ ஒரு தடவை வாசல் வரை வந்தாய், திரும்பிப் போனாய். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாய். நாற்பது நிமிடம் உன்னைக் கீழே நிற்க வைத்தேன்.

கலபினாவின் முகத்தைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம் அன்று கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த நாற்பது நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன். உன்னிடம் வாங்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

கோடையில் விடுப்பு கிடைத்தால் வா. கீழே நிற்காதே, ஏறி வந்து மணியை அடி. மாமாவைக் கூப்பிட மாட்டேன், நானே திறப்பேன். கதவு வரை வர எனக்கு நேரமாகும். போய்விடாதே, நில்.

உன் தம்பி,
யாசென்